குண்டு இறங்காத வேட்டை

மூன்று நாளில் திரும்பிவிடுவோம், அதுவரைக்கும் எருமையைப் பார்த்துக்கொள் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரியிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் தும்பிமலைக்கு வேட்டையாடப் போன ஊத்துப்பாளையத்துக் குடும்பம் திரும்பி வந்தபோது, அந்த எருமையின் பேத்தி கன்று போட்டிருந்தது. அவர்கள் ஒன்றும் தொலைந்துபோகவில்லை. எங்கே இருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும், ஏன் இறங்கவில்லை என்றும் தெரியும். அவர்கள் விட்ட குண்டு ஒன்று இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

துப்பாக்கிக்கு லைசென்சும் காட்டுக்குப் பர்மிட்டும் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அரசாங்கம் ஏலம் விட்டுத் தேக்கு வெட்டுகிற காட்டுக்குக் கூப்பு என்று பெயர். தை அறுப்பு முடிந்ததும் பெரியவர் சின்னவர், பெண்டு பிள்ளைகள், நாய்கள், அண்டா, அரிசி மூட்டை, ஊறுகாய்ச் சாடி எல்லாவற்றோடும் அந்தக் குடும்பம் கூப்பு லாரியில் ஏறி மலைக்குப் போகும். வேலையாட்கள் விட்டுப்போன சாளை என்கிற குடிசைகளைக் கூட்டி மெழுகித் தங்கும். மான் கிடைத்தால் கறி, கிடைக்காவிட்டால் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதம். இரண்டையும் ஒரே சந்தோஷத்தோடு தின்றுவிட்டு இறங்கும்.

அவர்களுக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. வீட்டுக்குப் புது மாப்பிள்ளை வந்திருந்தால் முதல் குண்டு அவருடையது. துப்பாக்கியில் மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்துக் கொடுப்பது பெண்ணின் அண்ணன். செம்பில் தண்ணீரோடு மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்பது பெண். காட்டுக்குள் யாரும் கத்தக் கூடாது. விட்ட குண்டு எங்கே இறங்கியது என்று பார்த்து, மானிலோ மரத்திலோ மண்ணிலோ இருந்து அதைத் தோண்டியெடுத்து எல்லோருக்கும் காட்டினால்தான் வேட்டை முடிந்தது. அதுவரைக்கும் வேட்டைக்கு வந்தவர் எவரும் அடிவாரத்துப் பாலத்தைத் தாண்டக் கூடாது. சுட்டவர் துப்பாக்கியோடு தனிச் சாளையில் படுத்து, தனி இலையில் உண்டு, மனைவியின் விரலைக்கூடத் தொடாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் அரை நாளில் குண்டு கிடைத்துவிடும் என்பதால் ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் புது மாப்பிள்ளை திருமூர்த்தி. உடுமலைப் பக்கம் பஞ்சு வியாபாரம் செய்கிற வீட்டுப் பையன். பெண் வேலாத்தாள். தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட, அண்ணன் சென்னியப்பன் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்து, தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று பிடிவாதமாக இருந்து, இப்போது வரும் வைகாசிக்குத் தனக்கும் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தான்.

திருமூர்த்திக்குத் தூரப் பார்வை கிடையாது. இது எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான மறுவாரம் வயல்வரப்பில் நின்ற கொக்கைப் பார்த்து, யாரோ வேட்டியைக் காயப்போட்டு மறந்துவிட்டார்கள் என்று அவன் சொன்னது வேலாத்தாளுக்குத் தெரியும். வாசலில் கட்டியிருந்த காளையைப் பெரியப்பா நாச்சிமுத்து என்று நினைத்து அவன் கும்பிட்டது அந்தப் பெரியப்பாவுக்கே தெரியும். படியில் அவன் கால் தவறியதைச் சென்னியப்பன் இரண்டு முறை பார்த்திருக்கிறான். அவனுடைய பெட்டிக்குள் துணியில் சுற்றிய மூக்குக்கண்ணாடி ஒன்று இருந்தது. பெண் வீட்டில் அதை மாட்ட வெட்கப்பட்டான். ஆனாலும் முதல் குண்டு மாப்பிள்ளையுடையது. கண் தெரியாது, வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் யார் சொல்வது? எப்படிச் சொல்வது? அதனால் பெரியப்பா மரியாதையாக ஒரு யோசனை மட்டும் சொன்னார். மான் ஓடும்போது வாலைத் தூக்கும், அடியில் வெள்ளை தெரியும், வெள்ளையைக் கண்டதும் விட்டுவிடுங்கள் மாப்பிள்ளை என்றார்.

சென்னியப்பன் மருந்தை அளந்து கொட்டி, ஈயக்குண்டை உருட்டிவிட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்து, துப்பாக்கியை மாப்பிள்ளையின் கையில் இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து காட்டைக் கலைக்கப் போனான். வெயிலுக்காகத் தலையில் வெள்ளைத் துண்டைக் கட்டியிருந்தான். மரம் வெட்டி முடிந்த கூப்பு, அடிக்கட்டைகள் மட்டும் வரிசை வரிசையாக நிற்க, வெட்டவெளியாகக் கிடந்தது. புள்ளிமான் ஒன்று புதரிலிருந்து பாய்ந்து வாலைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் குறுக்காக ஓடி மறைந்தது. அது மறைந்த இடத்தில் இன்னொரு வெள்ளை எழுந்தது. திருமூர்த்தி சுட்டான்.

அது அண்ணன் என்று வேலாத்தாளுக்குக் கணவனின் விரல் அழுந்துவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. கத்த வாயெடுத்தாள். காட்டுக்குள் கத்தக் கூடாது என்று பிறந்தது முதல் பழகிய தொண்டை அவளுக்குக் கீழ்ப்படியவில்லை. செம்பு கீழே விழுந்து உருண்டது.

புகை விலகியபோது சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய நெஞ்சுக்கு நேரே, ஒரு கை தூரத்தில், ஈயக்குண்டு அந்தரத்தில் நின்றது. நாவல்பழத்தைவிடச் சின்னது. சூடாக இருந்தது, மெல்லிய ஒரு ரீங்காரம் அதிலிருந்து வந்தது. எல்லோரும் ஓடிவந்து சுற்றி நின்று பார்த்தார்கள். நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பெரியம்மா கண்ணாத்தாள்தான் சென்னியப்பனின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டு, அது நகருகிறது என்றாள். உற்றுப் பார்த்தால் தெரியவில்லை. வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்து பார்த்தால் தெரிந்தது.

அன்று மாலை யாரும் அதிசயத்தைப் பற்றிப் பேசவில்லை. பெரியப்பா பேசியதெல்லாம் வேட்டை முடிந்ததா முடியவில்லையா என்பதைப் பற்றித்தான். குண்டு கிளம்பிவிட்டது, இறங்கவில்லை, ஆகவே முடியவில்லை. இறங்கும்வரை இருக்க வேண்டியதுதான் என்றார். சரிதான் என்றார்கள். பெரியம்மா அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள். திருமூர்த்தி பெட்டியைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு ஓரத்துச் சாளைக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் அதைக் கழற்றவேயில்லை. அதைப் பற்றியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

குண்டு நாளுக்கு ஒரு நெல்லின் நீளம் நகர்ந்தது. கூப்பு மேஸ்திரி, மரத்தை அளக்கிற நாடாவோடு வந்து, அது போகிற திசையில் குறுக்கே நிற்பது கூப்பின் மறுகோடியிலுள்ள பாறை ஒன்றுதான் என்று கண்டு, இன்றைக்குப் பிறக்கிற குழந்தைக்குப் பேரன் பிறக்கிற சமயத்தில் குண்டு பாறையில் மோதும் என்றார். பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டு, பாறையென்றால் நல்லதுதான், உறுதியாக இறங்கும் என்றார்.

அதற்கு முன்னால் ஏதாவது செய்யலாமா என்று பார்க்காமல் இல்லை. தேக்குப் பலகையைக் குறுக்கே நட்டார்கள். மெழுகில் ஊசி இறங்குவதுபோல் குண்டு பலகைக்குள் போய், சில நாள் கழித்து மறுபக்கம் வந்தது. கண்ணை வைத்துப் பார்க்கலாம்போல் வட்டமாக ஓர் ஓட்டை. பெரியம்மாவின் ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்து கட்டையின் மேல் வைத்தார்கள். ஒரு வாரம் அதைத் தள்ளிக்கொண்டே போய்க் கீழே உருட்டிவிட்டது. வேகம் குறைந்திருக்கிறதே தவிர விசை அப்படியே இருக்கிறது என்றார் மேஸ்திரி. பிறகு பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிளம்பிய குண்டை மறிக்கக் கூடாது. முடிந்தால் வழியைச் சுத்தமாக வைத்துக்கொடுப்போம், அது பாட்டுக்குப் போய்ச் சேரட்டும்.

அப்படித்தான் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அடிக்கட்டைகளிலிருந்து துளிர்த்து எழுகிற தேக்கங்கன்றுகளைக் குடும்பமே சேர்ந்து கொடுவாளால் வெட்டி, குண்டு போகிற வழியைத் தேர்முட்டி வீதிபோல் துடைத்து வைத்தது.

மலை அதைப் பழகிக்கொண்டது. பக்கத்துக் கூப்பில் மரம் இழுக்கிற பெண்யானை முதல் நாளே குண்டின் எதிரில் வந்து நின்று, காதை விரித்து, பின்வாங்கி, குண்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போனது. மறுநாளிலிருந்து மனிதர்களும் அந்தச் சுற்றுப்பாதையிலேயே போனார்கள், பாதை வளைந்தது, லாரித்தடமும் வளைந்தது. லாரிக்காரர்கள் கிளியிடம் சூடம் கொடுத்தனுப்புவார்கள். கிளி என்பது கிளீனரின் பெயர். பரீட்சை எழுதியவர்களும் கோர்ட்டில் வாய்தாவுக்குக் காத்திருப்பவர்களும், எந்தக் காரியமெல்லாம் கிளம்பி வந்து சேராமல் இருக்கிறதோ அந்தக் காரியக்காரர்கள் எல்லோரும் லாரியேறி வந்து, குண்டுக்கு ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு, வேலாத்தாள் ஊற்றிக்கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். பாரஸ்டர் ஒருவர் மூன்று நாள் பர்மிட்டுக்கு இத்தனை நாளா என்று சண்டைக்கு வந்தார். பக்கத்துக் கூப்பில் வெட்டுகிற மரத்தை லாரியில் ஏற்றிக்கொடுக்கும் வேலையைக் குடும்பத்து ஆண்கள் பார்க்கிறார்கள், யாரும் வேட்டையாடவில்லை, ஒரு குண்டுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்டபின், வாரம் ஒருமுறை வந்து அதன் ஓரமாக நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். அங்கே மனசுக்கு அமைதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். ஒரு குண்டு கிளம்பியிருக்கும்போது அடுத்த குண்டு விடக் கூடாது என்பதால் மான்கள் பயம் விட்டு, சாளை வாசலில் கொட்டிய கழுநீரைக் குடித்துவிட்டுப் போயின.

வேலாத்தாள் தினமும் கணவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். அகலமான ஓர் அடிக்கட்டையின் மேல் இலையை விரித்துப் பரிமாறிவிட்டுத் தள்ளி உட்காருவாள். அவன் சாப்பிடுவான், பேசுவான். தொடுவதற்கு இல்லை என்பதால் பேச்சுத்தான். பஞ்சின் தரத்தை விரலில் திரித்துப் பார்க்கும் விதம், அவனுடைய அப்பா கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவது, சின்ன வயதில் நட்சத்திரம் என்று ஒன்று இருப்பதாக எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று அவன் நம்பியது. அவளும் சொன்னாள். கல்யாணமாகி அத்தனை காலம் பேசிக்கொண்டு மட்டும் இருந்த தம்பதி அந்தச் சீமையில் வேறு கிடையாது. பேசி முடித்து இலையை எடுக்கும்போது அவளுடைய கை அவனுடைய கைக்குப் பக்கத்தில் வந்து, குண்டு நகருவதைவிட மெதுவாக விலகிப் போகும்.

ஆனால் மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. பகை இல்லை. அந்த நாளன்று முதலில் யார் என்ன சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளை முதலில் பேசட்டும் என்று மச்சானும், மச்சான் முகம் கொடுக்கட்டும் என்று மாப்பிள்ளையும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். நாள் வாரமாகி, வாரம் மாதமாகி, பிறகு பேசுவதே பெரிய காரியமாகிவிட்டது. மாப்பிள்ளைக்குத் தயிர் எடுத்துவைத்தாயா என்று சென்னியப்பன் வேலாத்தாளிடம் கேட்பான். மச்சானுக்கு இருமல் தேவலையா என்று திருமூர்த்தி வேலாத்தாளிடம் கேட்பான். ஒருவனுடைய அன்பை வாங்கி இன்னொருவனிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்து அவளுடைய வாய் வலித்தது. குண்டு இறங்கினால்தான் புருஷன் தனக்குப் புருஷனாவான், அண்ணன் அண்ணனாவான் என்று அவளுக்குத் தெரியும். இறங்குவதற்குப் பாறை இருந்தது. பாறைக்குப் போய்ச் சேர ஓர் ஆயுசு இருந்தது.

சென்னியப்பனுக்குப் பேசிவைத்த பெண்ணின் வீட்டார் ஒரு வைகாசி பார்த்தார்கள், இன்னொரு வைகாசி பார்த்தார்கள். பிறகு பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். செய்தியைக் கிளிதான் லாரியிலிருந்து இறங்கித் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். சென்னியப்பன் அப்போது கொடுவாளோடு குண்டின் வழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். நிமிர்ந்து, நல்ல இடமா என்று கேட்டான். நல்ல இடம்தான், தோட்டமும் கிணறும் இருக்கிறது என்றான் கிளி. சென்னியப்பன் சரியென்று குனிந்து அடுத்த கட்டையின் துளிரை வெட்டினான், பிறகு அதற்கடுத்த கட்டை. தன்னைப் பார்த்துக் கிளம்பிய குண்டுக்குத் தன் கையாலேயே வழி செய்துகொடுத்தபடி அவன் குனிந்து குனிந்து போவதை வேலாத்தாள் பின்னாலிருந்து பார்த்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று, அழுகை இல்லை, அழுகையைவிடக் காய்ந்த ஒன்று, இறுகிக்கொண்டது. அடுத்த அடிக்கட்டை குண்டுக்கு நேர் எதிரே இருந்தது. அதில் இரண்டு இலையோடு ஒரு துளிர் இருந்தது. அவள் போய் அதன் மேல் முந்தானையை விரித்து உட்கார்ந்துகொண்டாள். கால் வலிக்கிறது, நீங்கள் போங்கள் என்றாள். சென்னியப்பன் அதை விட்டுவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. முள்ளை வெட்டிப்போட்டுத் துளிரை மறைத்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். தேக்கு வெட்டுப்பட்ட இடத்தில்தான் வெறியோடு வளரும். அடுத்த மழைக்குள் அது முள்ளுக்கு மேலே தலை நீட்டியது. கொம்பின் தோலை உரிக்க மான்கள் இளமரமாகப் பார்த்து உரசும் என்பதால் சாக்கைக் கிழித்துத் தண்டைச் சுற்றிக் கட்டினாள். என்னம்மா அது என்று கேட்டவர்களிடம் விறகு என்றாள், துணி காயப்போடக் கொடிக் கம்பு என்றாள், ஒருமுறை ஒன்றுமே இல்லை என்றாள். அப்போது அது அவளைவிட உயரமாக நின்று முறம் முறமாக இலை விட்டிருந்தது.

குடும்பத்தில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கண் தெரியாத மாப்பிள்ளையிடம் கண் தெரியாது என்று சொல்ல முடியாத குடும்பம், வழியை மறித்து மரம் வளர்க்கிற பெண்ணிடம் மரம் வளர்க்கிறாய் என்றும் சொல்ல முடியாமல் தவித்தது. குண்டு மரத்துக்கு ஒரு முழம் தூரத்துக்கு வந்த வருஷத்தில்தான் பெரியப்பா ஒரு காலையில் கொடுவாளைத் தீட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். பாரஸ்டர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து நின்றார்.

பெரியப்பா மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதென்ன கண்ணு, கொடிக் கம்பா?"

"மரமுங்க பெரியப்பா," என்றாள் வேலாத்தாள்.

"மறிக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் மறிக்கலீங்க. அது இங்கயே இருந்துச்சு. நாமதான் வெட்டி வெட்டி விட்டோம்."

பெரியப்பா கொடுவாளைக் கை மாற்றிக்கொண்டார். பலகையையே துளைத்த குண்டு பச்சை மரத்தையா விடப்போகிறது, மறுபக்கம் வரும்போது கோணிக்கொண்டு சாளைப் பக்கம் திரும்பினால் யார் பொறுப்பு என்றார். கொடுவாளை ஓங்கவும் செய்தார். அப்போது ஓரத்துச் சாளையிலிருந்து துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு திருமூர்த்தி வந்து மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"மாமா, அது நான் சுட்ட குண்டுங்க. சுட்டவனுக்குச் சொல்றதுக்கு ஒண்ணு இருக்குமுல்ல? மரம் நிக்கட்டும். கோணிக்கிட்டு வந்தா என்மேல வரட்டும்."

சென்னியப்பன் கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தான். அவன் நடந்து வருகிற வேகத்தைப் பார்த்து வேலாத்தாள் மரத்தோடு ஒட்டி நின்றாள். அவன் வந்து மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, தண்டின் மேல் கை வைத்துக்கொண்டு, பெரியப்பாவைப் பார்க்காமல் திருமூர்த்தியைப் பார்த்தான்.

"சுட்டது நீங்கன்னா மருந்து கெட்டிச்சது யாருங்க மாப்ளே? நாந்தானே? ஒரு பிடி சேத்தியே கெட்டிச்சேன். மாப்பிள்ளை மொதக் குண்டு, சத்தம் ஊருக்குக் கேக்கட்டும்னு." ஒருமுறை இருமிக்கொண்டான். "உங்களுக்குக் கண்ணு அம்புட்டுத்தான்னு தெரிஞ்சும் வெள்ளத் துண்டக் கட்டீட்டுப் போனவனும் நாந்தான்."

"தெரியுமா மச்சான்?"

"ஊருக்கே தெரியும். நீங்க எங்க பெரியப்பன விட்டுப்போட்டுக் காளை மாட்டக் கும்புட்டீங்க."

கண்ணாத்தாள் பெரியம்மா முதலில் சிரித்தாள். பிறகு பாரஸ்டர் சிரித்தார். அவருக்கு அந்தக் கதை தெரியாது, ஆனாலும் சிரித்தார். பெரியப்பா சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல், கொடுவாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். திருமூர்த்தி மட்டும் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்துக்கொண்டே இருந்தான், அது துடைக்கத் துடைக்க நனைந்தது.

மரம் நின்றது.

வைகாசியில் குண்டு பட்டையைத் தொட்டது. ஆனியில் உள்ளே போனது. பலகையில் பட்ட பாட்டை வைத்துக் கணக்குப் போட்டு ஆடிப்பெருக்குக்கு மறுபக்கம் வந்துவிடும் என்றார் மேஸ்திரி. எல்லோரும் மறுபக்கத்தைக் காவல் காத்தார்கள். வேலாத்தாள் சமைத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் தண்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரத்தின் உள்ளே ஒரு ரீங்காரம் இருந்தது, சிலம்பினுள் பரல்போல் அல்ல, தூங்குகிற குழந்தையின் வயிற்றில் கேட்பதுபோல். சில நாள் மரம் சூடாக இருந்தது, காற்றே இல்லாமல் மேலே இலைகள் ஆடின. அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த மரமும் பலகைதான் என்று ஆகிவிட்டால், தான் செய்தது ஒன்றுமில்லாமல் போவதோடு, இன்னொரு மரத்தை வளர்க்கிற வயதும் தெம்பும் தனக்கு இருக்குமா என்று அவள் யோசித்தாள். அவளுடைய தலையிலும் அங்கங்கே ஒரு நரை வந்திருந்தது.

ஆடிப்பெருக்கு வந்து போனது. ஆவணி மழை பெய்தது. மரம் கிளை விட்டது, உச்சியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. செத்த பலகை குண்டு போகப் போக இடம் விட்டுக்கொண்டே இருந்தது. இந்த மரம் குண்டு ஒரு நெல் நகர்ந்தால் தானும் ஒரு நெல் பருத்தது, முன்னால் மூடியது, பின்னாலும் மூடியது, அவசரப்படாமல் அது தன் வேலையைப் பார்த்தது. ஐப்பசியில் ஒருநாள் வேலாத்தாள் கை வைத்துப் பார்த்தபோது ரீங்காரம் இல்லை. காதை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் மேலே ஏறுகிறதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். மரம் குளிர்ந்திருந்தது. குண்டு போன துளையின் உதடுகள் ஒன்றுசேர்ந்து, தொப்புள் மாதிரி ஒரு சுழி மட்டும் பட்டையில் இருந்தது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. மரத்தடியிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தே எல்லோரும் வந்தார்கள்.

மேஸ்திரி சுத்தியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்து, இறங்கிவிட்டது என்றார். வழக்கப்படி குண்டைத் தோண்டியெடுத்துக் காட்ட வேண்டும். பெரியப்பா மடியிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பக்கத்தில் போனார். பாரஸ்டர் தொண்டையைக் கனைத்து, இத்தனை வருஷப் பழக்கத்தில் சொல்கிறேன், அது அரசாங்க மரம் என்றார். பெரியப்பா மரத்தைத் தடவினார். சுழியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு கத்தியை மடித்து மடியில் செருகிக்கொண்டு, எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியுமல்லவா, தெரிந்தால் போதும் என்றார். அப்படிச் சொல்லலாமா என்று கேட்பதற்கு யாருக்கும் மனமில்லை. வேட்டை முடிந்தது. திருமூர்த்தி துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான். அத்தனை வருஷம் சுமந்த தோள், பாரம் போனபிறகும் கொஞ்ச நாள் ஒருபக்கமாகச் சாய்ந்தே இருந்தது.

தேக்கு ஏற்றிய லாரியில், மரங்களின் மேல், வடக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குடும்பம் இறங்கியது. அண்டாவும் ஊறுகாய்ச் சாடியும் கூடவே இறங்கின. நாய்களில் பழையது ஒன்றுதான் மிச்சம், மற்றதெல்லாம் மலையில் பிறந்தவை, லாரியைப் பார்த்துக் குரைத்தன. பாலம் வந்தது. அதைத் தாண்டியதும் எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள், எருமை என்ன ஆயிருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்குமா, கூரை நிற்குமா என்று.

வேலாத்தாளுக்கு எதிரே மச்சானும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை, பேச வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லாதவர்களின் பேசாமை அது. வளைவுகளில் லாரி சாய்ந்து சாய்ந்து திரும்பியது. நாலைந்து வளைவு இறங்கியதும் சென்னியப்பனின் தலை மெல்லத் தொங்கி, ஒருமுறை நிமிர்ந்து, மறுபடி தொங்கி, திருமூர்த்தியின் தோளில் போய்ச் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. காதோரத்தில் மயிர் நரைத்திருந்தது. திருமூர்த்தி அசையவில்லை. கை மரத்துப்போய் விரல்கள் வெளுத்தன, அப்போதும் அசையவில்லை.

அடிவாரத்து டீக்கடையில் லாரி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், மூன்று பேரைத் தவிர. கிளி மேலே எட்டி ஒரு கிளாஸ் டீயை நீட்டினான். திருமூர்த்தி அதை மறுகையால் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, தோள் அசையாமல், எதிரே நீட்டினான். வேலாத்தாள் வாங்கும்போது அவனுடைய விரல்கள் அவளுடைய விரல்களின் மேல் இருந்தன. அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. டீ ஆறிப்போகும்வரை கிளாஸ் நடுவிலேயே இருந்தது.

லாரி கிளம்பப் போகும்போது அவள் குனிந்து டிரைவரைக் கூப்பிட்டு, மேடு பள்ளம் பார்த்து மெதுவாகவே ஓட்டச் சொன்னாள். வீட்டுக்குப் போக ஒன்றும் அவசரமில்லை என்றாள்.